மாதிரி எண் பதினொன்று

மதுரையிலிருந்து முடிவு வந்த அன்று
கொடையில் மின்சாரம் இல்லை.
கைபேசி வெளிச்சத்தில் படித்தேன்.

ஒரு தட்டு. அதில் ஒன்பது வெள்ளை வில்லைகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து.
மருந்து வென்றால்
வில்லையைச் சுற்றி வட்டமாக வெளிவிடும்,
மஞ்சு விலகி யார் வீட்டு முற்றமோ தெரிவதுபோல.
படத்தில் முற்றமே இல்லை.
விளிம்புவரை வந்து
முட்டிக்கொண்டு நிற்கிறது வெண்மை.
ஒன்பதாவதைச் சுற்றி மட்டும் நகக்கண் அளவு இடைவெளி.
அந்த மருந்து எங்களுக்கு வராது.
மனிதர்களுக்கென்று எடுத்துவைத்திருக்கிறார்கள்.

கப்பல் என்று பெயர் அந்தக் குதிரைக்கு.
வெள்ளகவியிலிருந்து பட்டர் ஃப்ரூட் சுமந்து ஏறும்,
அரிசியும் சிலிண்டரும் சுமந்து இறங்கும்.
முதுகில் சேணம் அறுத்த புண்,
முதலில் ஐந்து ரூபாய்க் காசு அளவு.
சித்திரையில் ஓர் ஊசி போட்டேன்.
வைகாசியில் வேறொன்று.
நடுவில் குழந்தைவேலு
வத்தலக்குண்டுக் கடையில் கேட்டு வாங்கி
இரண்டு நாள் கொடுத்து, புண் காய்ந்ததும் நிறுத்தி,
மிச்சத்தைக் கோழிக்குக் கரைத்து ஊற்றியிருக்கிறார்.
ஆனியில் என் உள்ளங்கையால் அதை மூட முடியவில்லை.

அதே மாதம்
விடுதிக்காரர் லாப்ரடாருக்குத் தையல் பிரிந்தது.
கவுஞ்சிப் பசுவின் மடி இளகவில்லை.
மூன்றும் எங்கள் வாசல் வழியாக வந்துபோனவை.

ஞாயிற்றுக்கிழமை, நானும் உதவியாளர் லூர்தும்
பஞ்சுக்குச்சியோடு சுற்றினோம்:
அறுவை மேசையின் இடது மூலை,
சாக்கடைச் சல்லடை, வெப்பமானி உறை,
தலைக்கயிறு, குழாய்த் திருகு,
பதிவேட்டில் கட்டித் தொங்கும் பேனா.
"உங்க மூக்கையும் தொட்டுருவோம்மா, கணக்குக்கு"
என்று சிரித்தார் லூர்து.
தொட்டார். தும்மினேன்.

குழாயில் இருக்கிறது. கயிற்றில் இருக்கிறது.
மேசையில் இல்லை,
அதை மட்டும்தான் தினமும் தேய்க்கிறோம்.
மாதிரி எண் பதினொன்று, மருத்துவரின் நாசி:
இருக்கிறது.
கப்பலின் முதுகில் இருக்கும் அதே வகை.
யாரிடமிருந்து யாருக்கு என்று தாளில் இல்லை.

எங்கள் குடியிருப்புக்குப் பின்சரிவில்
வாட்டில் ஒழியட்டும் என்று ஒருமுறை தீ வைத்தார்கள்.
நன்றாக எரிந்தது. பிறகு மழை.
சூட்டுக்காகவே மண்ணுக்குள் கிடந்த விதைகள்
கீரைப்பாத்திபோல நெருக்கமாக முளைத்தன.
வைத்தவர்களை நினைத்து அன்றைக்குச் சிரித்தேன்.

குழந்தைவேலு வந்தார்.
ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிற ஊர் அவருடையது.
இங்கும் வாசலில் கழற்றினார்.
வேண்டாம், போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்,
இத்தனை வருஷத்தில் முதல்முறையாக.
முடிவைச் சொன்னேன். மூக்கையும் சொன்னேன்.
கூரைத் தகரத்தில் சாரல் விழுந்து ஓய்ந்த பிறகு கேட்டார்:
"மருந்து தோத்துப்போச்சுங்களா?"
"கொஞ்சம்."
"அப்ப பொதி?"
"ரெண்டு மாசம் கூடாது."
அவர் தலையாட்டவில்லை.
பறித்த பழம் ஒரு வாரம்தான் தாங்கும்.

இப்போது தினமும் உப்புநீர்.
செத்த சதையை வெட்டி எடுக்கிறேன்.
சேணத்தில் புண்ணுக்கு நேரே
அவரே கத்தியால் ஓர் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தார்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
குழாய்க்கு முழங்கையால் திறக்கும் பிடி வைத்தாயிற்று,
லூர்து இன்னும் விரலால்தான் திறக்கிறார்.

கட்டு அவிழ்க்கையில் வலித்தால்
கப்பல் கழுத்தை வளைத்து
என் முகத்தில் மூச்சு விடும்,
புல்லும் ஈரச்சாக்கும் கலந்த வாசம்.
இன்றும் வளைத்தது.
முகக்கவசத்தை மேலே இழுத்து
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
அது கொஞ்ச நேரம் காத்திருந்தது.
கயிறு புதுசு.
இன்னும் விறைப்பாகவே இருந்தது.