பதினேழாம் கட்டில்

காலை ஏழரை. எட்டுப் பேர் நாங்கள்
ஒரு கட்டிலைச் சுற்றி.
மின்விசிறிக் காற்று விதானகே சேரின்
கழுத்துப்பட்டியோடு நின்றுவிடும்;
எங்கள் பக்கம் டெட்டோலும்
நிலூக்கா பஸ்ஸில் சாப்பிட்ட மாலுபாணும்.

சந்தியோகு, ஐம்பத்தெட்டு.
ஐந்தாம் குறுக்குத்தெரு இரும்புக்கடையில்
பில் எழுதுகிறவர்.
செவ்வாய் காலை பேப்பரைப் பிரித்தாராம்.
"பர்மாக்காரன்ர எழுத்து மாதிரிக் கிடந்தது."
முதலில் போனது கண்ணாடிக் கடைக்கு.

சேர் ஆங்கிலத்தில் கேட்பார்,
வாட் சிங்களத்தில் நகரும்,
தமிழுக்கு நான்.

விரும்பிய வசனம் ஒன்று எழுதச் சொல், என்றார் சேர்.
பேனையை வாங்கி நிமிர்ந்து உட்கார்ந்து
சாய்ந்த கையெழுத்தில்
ஒற்றுப் பிசகாமல் எழுதினார்:

கட்டிலுக்குக் கீழே இருக்கும் செருப்பு என்னுடையது அல்ல.

மொழிபெயர்த்தேன். எல்லாரும் சிரித்தோம்.
இம்தியாஸ் குனிந்தே பார்த்துவிட்டான்:
நீல பாட்டா, இடது வார் கம்பியால் கட்டியது.
இவர் வருவதற்கு முந்தைய இரவு
அந்தக் கட்டிலில் வேறொருவர் இருந்தார்.
மிஸ் ஒன்றும் சொல்லாமல்
சேலைன் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றா.

ஐந்து நிமிடம் கழித்து
அதே தாளை நீட்டி, வாசியுங்கள் என்றோம்.
நெடுநேரம் பார்த்தார்.
"இது ஆர் எழுதினது?"
நீங்கள்தான், ஐயா.
"என்ர எழுத்து மாதிரித்தான் கிடக்கு.
ஆனா என்னெண்டு..."

இடது பின்மூளை.
இரு பாதிகளையும் கட்டும் பாலத்தின் வால்.
இன்னொன்று காண உங்களுக்கு
இருபது வருடம் ஆகலாம், என்றார் சேர்.
'ரெயர்' என்ற சொல் மட்டும் விளங்கி
சந்தியோகு சாரத்தைச் சரிசெய்துகொண்டார்.

கண்ணை மூடச் சொல்லி
அவர் உள்ளங்கையில் என் விரலால் எழுதினேன்,
முதலில் கொம்பு,
பிறகு சகரத்தின் மடிப்பு, மெதுவாக.
சிமெந்தும் ஆணியும் தொட்ட தோல்
கூச்சத்தில் ஒருமுறை மூடித் திறந்தது.
"செ."
அடுத்தது.
"ரு... ப்... அட, செருப்பு!"
கண்ணைத் திறந்து எங்களை எண்ணுவதுபோல் பார்த்தார்.
"ஓம், அதைத்தானே சொன்னனான்.
இன்னும் ஒருத்தரும் எடுக்கேல்லையே?"

என் குறிப்பேட்டில்
நோயின் பெயர் இருக்கிறது,
அடைபட்ட நாடியின் பெயரும்,
பரீட்சைக்கு வரும் என்று இரண்டு கோடும்.

வெள்ளிக்கிழமை கட்டிலில் புதுவிரிப்பு.
ஒருவரும் பார்க்காத நேரம் குனிந்தேன்.
கீழே ஒன்றுமில்லை.

துண்டு வெட்டிப் போகும்போது மழை, என்றா அற்றன்டன்.
மனுசன் அதையே போட்டுக்கொண்டு
போயிட்டுது.