ஏழாவது கேள்வி

கரடியனாற்றில் அன்றிரவு
நானூற்றுப் பத்து லீற்றர் பால் திரிந்துபோனது.
பத்தரைக்குக் கரண்ட் நின்றது
தாங்கிக்கு மட்டும் தெரியும்.
தாங்கிக்கு வாயில்லை.
விடிய, மூடியைத் திறந்த குகநேசன்
முகத்தைத் திருப்பிக்கொண்டு போன் எடுத்தான்:
"அக்கா, இது பாலுமில்ல, தயிருமில்ல."
வாய்க்காலில் ஊற்றினோம்.
மூன்று நாய்கள் வந்தன.
மோந்துவிட்டு ஒன்று திரும்பிப் போனது.

பிறகுதான் சங்கம் தீர்மானம் போட்டது,
தாங்கிகளைப் பேசவைப்பதென்று.
உன்னிச்சை, ஆயித்தியமலை, புல்லுமலை, கொக்கட்டிச்சோலை
என்று படுவான்கரை நெடுகப் பதின்மூன்று தாங்கி,
பதின்மூன்று சென்சர், பதின்மூன்று சிம்.
எந்தத் தளத்தில் பேசவைப்பது?
அது என் மேசைக்கு வந்தது,
ஒரு ஃபைலும் பழைய லப்டொப்பும் சேர்த்து.

மூன்று விலைமனு.
முதலாவதில் பெட்டி மட்டும், மீதியை நாங்களே எழுதவேண்டும்.
இரண்டாவதில் சேவர் ஓரிடம், அலாரம் இன்னோரிடம்,
பிழைத்தால் இருவரும் மற்றவரைக் காட்டுவார்கள்.
மூன்றாவது, எல்லாம் ஒன்றில்.
திரைக்குள் கொழும்புப் பொடியன் கழுத்துப்பட்டியோடு சொன்னான்:
பதிவு, வரைபடம், எச்சரிக்கை, பில்,
காற்றிலேயே மென்பொருள் புதுப்பிப்பு,
"எல்லாம் ஒரே கூரையின் கீழ், மிஸ்."
செயலாளர் மேகலாதேவி கண்ணாடியைக் கழற்றினா.
"ஒரே கூரை எண்டா
ஒழுகினா எல்லாம் நனையும் தம்பி."

ஏறாவூர் நஸ்மியாவிடம் கேட்டேன்.
மூளைக்குள் முழு நிரலும் வைத்திருப்பவள்.
"முதலாவத நான் மூணு மாசத்தில எழுதித் தருவன்.
மறுகா நான் கட்டாருக்குப் போனா
ஆரு பார்க்கிற?"
விசா வந்திருந்தது அவளுக்கு.
நான் வாழ்த்துச் சொன்னேன், கொஞ்சம் பிந்தி.

கார்த்திகை மழை.
மண்முனைப் பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்தினேன்,
மழைக்கோட்டுக்குள்ளும் மழை.
கீழே வாவி, கரை தெரியாமல்.
இதுவும் எல்லாம் ஒன்றில்தான்:
குளத்து மிச்சம், வயல் வடிச்சல்,
உப்பு, இறால், முதலை,
ஆரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு.
முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால்
இத்தனையும் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்.
வெட்டிவிடலாம் என்பதால்தான்
இதன் கரையில் நித்திரை கொள்கிறோம்.

வீட்டுக்குப் போய் ஈரக் கையோடு
கேள்விப் பட்டியலைத் திறந்தேன்.
ஆறு கேள்வி இருந்தது, விலையும் உத்தரவாதமும்.
ஏழாவதை எழுதினேன்:
நாங்கள் விலகினால்
எங்கள் பால் கணக்கை எந்த உருவில் தருவீர்கள்,
எத்தனை நாளில்?

முதலாவது கம்பனிக்கு அது பொருந்தாது.
இரண்டாவது பதிலே போடவில்லை.
கழுத்துப்பட்டிப் பொடியன்
சேரும் முன்பே பிரிவதைக் கேட்கிறீர்களே என்றான்,
மேலிடத்தைக் கேட்கவேண்டும் என்றான்,
ஒன்பது நாள் காணாமல் போனான்.
பத்தாம் நாள் கடிதம்:
சாதாரண அட்டவணைக் கோப்பு,
முப்பது நாளுக்குள், கட்டணம் இல்லை.
ஒப்பந்தத்தில் ஏற்றுங்கள் என்றோம்.
ஏற்றினார்கள்.
மேகலாதேவி கையெழுத்துப் போட்டா,
பேனை எழுதாமல் இரண்டு தரம் உதறி.

தை மாதம், இரவு இரண்டே கால்.
தலையணைக்குக் கீழ் போன் துடித்தது:
கரடியனாறு, ஆறு பாகை, கூடுகிறது.
குகநேசனுக்கு அடித்தேன்.
"தெரியும் அக்கா, எனக்கும் வந்தது."
அவன் குரலுக்குப் பின்னால்
ஜெனரேற்றர் இருமி இருமிப் பிடித்தது.
ஆறு, ஐந்தரை, ஐந்து.
நாலுக்கு வரும்வரை
திரையைப் பார்த்தபடி கிடந்தேன்.

பன்னிரண்டு புள்ளிகள் பச்சை.
புல்லுமலை மட்டும் சாம்பல்.
சிக்னல் இல்லை, எந்தத் தளத்துக்கும்.
அங்கே வசந்தமலர்
வெப்பமானியை முக்கி எடுத்து
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
கொப்பியில் எழுதுவா.
காலையில் குகநேசன்
அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புவான்.
நான் கையால் ஏற்றவேண்டும்.