அடிமூடை

கல்முனையில் படுக்க வைத்து எடுத்த ஈசிஜியில்
பிசகே இல்லை.
மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும்
என் நெஞ்சு
பரீட்சை மண்டபத்துப் பிள்ளை மாதிரிக்
கையைக் கட்டிக்கொண்டு இருந்தது.

"அப்ப எனக்கு ஒண்டுமில்லையா?"
டொக்டர் நுஸ்கி பேனையை மூடினார்.
"எப்ப வருவான் எண்டு தெரியாத ஆளை
வாசல்ல பத்து செக்கன் நிண்டு பாத்துப்போட்டு
வரல்ல எண்டு எப்பிடிச் சொல்ற?
நாப்பத்தெட்டு மணித்தியாலம் இதைக் கட்டிக்கொண்டு திரியுங்க."

எனக்கு அது விளங்கும்.
சம்மாந்துறை மில்லில் பதினாறு வருசம்
நெல் மூடைக்குக் குத்தூசி போடுகிறவள் நான்.
மேல் மூடையில் ஒரு பிடி எடுத்துக்
கடித்துப் பார்த்து
முழு லொறிக்கும் விலை சொல்கிற மடைச்சி இல்லை.
ஈரம் எப்போதும்
அடிமூடையில் இருக்கும்.

ஐந்து வயர், ஐந்து ஒட்டு,
இடுப்பில் இரண்டு தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி.
குளிக்கக் கூடாது.
பங்குனி வெயில். காரைதீவுக் கடல்
பக்கத்திலேயே கிடந்து கூப்பிடுகிறது.
கூடவே ஒரு தாள்: நேரம், செய்த வேலை, உணர்ந்தது.

6.10. கிணற்றில் பத்து வாளி. ஒன்றுமில்லை.
7.35. பஸ்சில் நின்றபடி, மாவடிப்பள்ளி தாண்டும்போது
இருட்டில் ஒரு படி தவறின மாதிரி.

10.20க்கு மல்லிகைத்தீவுச் சீனித்தம்பி
அறுபத்திரண்டு மூடை கொண்டுவந்தார்.
ஈரமானி காட்டியது பதினாலு.
முதலாளி என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்து
"பதினேழு எண்டு போடுங்க" என்றார்.
போட்டேன்.
காது வரைக்கும் அடித்தது. பேனை
கைநழுவிக் கீழே விழுந்தது.
டொக்டரின் தாளில் அந்த வரியை
வெறுமையாக விட்டேன்.
இடுப்புப் பெட்டிக்குக் கண் இல்லைத்தானே.

மத்தியானம், நாட்டாமை கபூர்
கழுத்தோரம் எட்டிப்பார்த்த வயரைக் கண்டு
"என்ன தங்கச்சி, சிஐடியில சேந்திட்டீங்களா?"
அதை எழுதினேன். 12.50. சிரிப்பு.

இரவு மனிசன் திரும்பிப் படுக்கவே பயந்தார்,
அடைக்கோழிக்குப் பக்கத்தில்
பாய் போட்டவர் மாதிரி.
9.40 முதல் நித்திரை. கனவு ஞாபகமில்லை.
இரண்டாம் இரவும் அதே வரி.

வெள்ளிக்கிழமை
டொக்டர் கணினியை என் பக்கம் திருப்பினார்.
நான் முதலில் தேடியது 10.20.
"இதுல வேகம் கூடியிருக்கு, நூத்தி முப்பது.
ஆனா தாளம் சுத்தம். ஒழுங்கான துடிப்பு.
என்ன செய்தீங்க அந்த நேரம்? ஒண்டும் எழுதல்லயே."
"மூடை தூக்கின" என்றேன்.
ஒழுங்கு என்ற அந்தச் சொல்
எங்கே போய்க் குத்தியதென்று
எந்த வயரும் காட்டாது.

பிறகு அவர் உருட்டி உருட்டிக் கீழே போய்
இரண்டாம் இரவு 2.47இல் விரலை வைத்தார்.
வரம்பு உடைத்த வெள்ளம் மாதிரிக் கோடுகள்.
பதினொரு நிமிடம்
ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உறவே இல்லை.
"இதைத்தான் தேடின. இப்பிடி ஆடக்குள்ள
மேலறையில ரத்தம் தேங்கிக் கட்டியாகும்.
அது தலைக்குப் போனா வாய் கோணும், கை விழும்.
நீங்க உணரவே இல்ல பாருங்க.
அதாலதான் கட்டிவிட்ட."

நான் பயந்த இடத்தில் வியாதி இல்லை.
வியாதி இருந்த இடத்தில் நானே இல்லை.

ரத்தம் கட்டாமல் இருக்கக் குளிசை.
காலை ஒன்று, இரவு ஒன்று, மறக்கக் கூடாது.
ஒட்டுக் கழற்றிய இடங்களில் ஐந்து சிவந்த வட்டம்,
தேங்காயெண்ணெய் போட்டும் பசை போகவில்லை.

திங்கள், முதல் லொறி.
மேல் மூடைகளை இறக்கச் சொன்னேன்.
கபூர் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார்.
முதலாளி கூரையைப் பார்த்தார்.

சீனித்தம்பியின் பற்றுச்சீட்டு அடிக்கட்டை
இன்னும் லாச்சிக்குள் கிடக்கிறது.
அறுபத்திரண்டு மூடை, நூற்றுக்கு மூன்று.
லாச்சியில் கை வைத்தபோது
நெஞ்சு என்ன செய்ததென்று தெரியாது.
பெட்டியைத்தான்
திருப்பிக் கொடுத்தாயிற்றே.