அரை மதிப்பெண்

எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே
ஒரு ஷாமியானாத் துணி.
யார் வாசிக்கிறார்கள் என்று தெரியக்கூடாதாம்.
துணிக்குக் கீழே
பூட்ஸ் தெரிந்தது.

பெரம்பூர் ரயில்வே மைதானம், ஆனி மாத ஞாயிறு.
மூன்று நாற்காலி, மூன்று பென்சில்.
சுருதிக்குப் பத்து, தாளத்துக்குப் பத்து,
கடைசியில் பொது அபிப்பிராயம் என்று
ஒரு பெரிய கட்டம்,
எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள.

ரொசாரியோவுக்கு டிரம்பெட் பிசிறினால் பல் கூசும்.
முப்பது வருஷம் அதையே வாசித்தவர்.
நல்லமுத்து சார் டிரில் மாஸ்டர்,
பூட்ஸைத்தான் கேட்பார்.
நான் போலீஸ் பேண்டில்
யூஃபோனியம் ஊதியவள்.
எத்தனை வாத்தியம் முழங்கினாலும்
நடுவில் முனகும் அந்த ஒரு குரலைத்தான்
என் காது முதலில் தேடிப்போகும்,
கல்யாண மண்டபத்தில்
சொந்தக்காரரைத் தேடுவதுபோல.

மூன்றாம் எண், காசிமேட்டுப் பையன்கள்,
உச்சி வெயிலில் வந்தார்கள்.
பித்தளை சுட்டால் சுருதி ஏறும்.
ஏறியது.
வெயிலுக்கென்று கட்டம் இல்லை.
பையன்கள் கணக்கில் ஏழு போட்டேன்.

பிறகு டீ வந்தது. வாழைக்காய் பஜ்ஜி வந்தது.
நான்காம் எண்ணுக்கு மேகமும் வந்தது.
அதே மெட்டுதான்.
ஓர் இடத்தில் டிரம்பெட் உடைந்தது,
அழுகையை அடக்குகிற தொண்டையாய்.
ரொசாரியோ இரண்டைக் கழித்தார்.
நல்லமுத்து சார் போனில் இருந்தார், எட்டு போட்டார்.
எனக்கு அந்த உடைசலில்தான்
கை மயிர் எழுந்து நின்றது.
ஒன்பதரை.
அதில் பஜ்ஜிக்கு எவ்வளவு என்று
கேட்டால் சொல்லத் தெரியாது.

அரை மதிப்பெண்ணில் நான்கு ஜெயித்தது.

கோப்பை கொடுத்து முடிந்து
நாற்காலிகளை அடுக்கும்போது
சிவப்புக் கோட்டும் வியர்வையுமாக
காசிமேட்டு யூஃபோனியம் வந்து நின்றான்.
பேர் டெல்வின். பதினாறு இருக்கும்.
"மேடம், நாங்க எங்க விட்டோம்?"

தாளைப் பார்த்தேன்.
என் கையெழுத்து எனக்கே பிடிபடவில்லை.
வெயில் என்று சொல்லியிருக்கலாம்.
என் பசி என்று சொல்லியிருக்கலாம்.
அவ்வளவு நம்பிக்கையாய் நின்றான்.
"ரெண்டாவது தடவ திரும்புற இடம்," என்றேன்,
"அங்க கொஞ்சம் மூச்சு பத்தல."

தலையாட்டினான்.
விரல்கள் அப்போதே
இல்லாத வால்வுகளை அழுத்திப் பார்த்தன.

அந்த இடம்
இன்று முழுக்க நான் கேட்டதிலேயே
சரியாக இருந்த இடம்.
இனி ஒரு வருஷம், தினமும்,
அதைத் திருத்துவான்.