பதினாறு மில்லிமீட்டர்

பதுளையிலிருந்து பஸ்ஸில் வந்தது லென்ஸ்,
கொண்டக்டர் மடியில், பாண் பையில் சுற்றி.
நிஸ்தார் நானா நாள்வாடகைக்குத் தந்தது.
"கண்ணாடி முன்னுக்குப் புடைச்சிருக்கும்,
தடவிப் பாக்காத" என்றார் போனில்.
தடவிப் பார்த்தேன்.
மாட்டுக் கண் மாதிரி இருந்தது.

நகரசபைக் கலண்டர்.
ஓகஸ்ட் பக்கத்துக்கு நினைவுத்தூணும் நீரூற்றும்.
ஆள் வரக்கூடாது, குப்பைத்தொட்டி வரக்கூடாது,
மலை வரவேண்டும் என்றார் ஹேரத் மாத்தையா.
பதினாறு மில்லிமீட்டரில்
எல்லாம்தான் வரும் என்று நான் சொல்லவில்லை.
கல்யாண ஓடர் இல்லாத ஆடி மாசம்.

முன்பக்கம் சிங்களம். இடப்பக்கம் இங்கிலீஷ்.
இரண்டுக்கும் முன்னால் புல், பெஞ்சு, பூப்பாத்தி;
பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து
ரோட்டையே தாண்டலாம்.
தமிழ் பின்பக்கம்.
தமிழுக்கும் தபால் கந்தோர் மதிலுக்கும் நடுவே
மூன்றடி. அதில் ஓரடி கான்.

நீரூற்று தானாக ஊற்றாது.
வால்வு பழசு, விட்டால் மூடிக்கொள்ளும்.
சந்தனண்ணன் தூணடியில் குந்தி
இரண்டு கையாலும் பிடித்திருந்தால் மட்டும்
நாலு மீன் வாயிலும் தண்ணீர் வரும்.
"எடுத்துட்டியா?"
"தலையைக் கொஞ்சம் குனிங்க."
குனிந்தார். முழங்கை வந்தது.
முழங்கையை மடக்கினார். முதுகு வந்தது.
"இன்னும் உள்ளுக்குப் போங்க."
"இதுக்கு மேல போனா நான் மீனாத்தான் ஆகணும்."

ஓரத்தில் லாம்புக்கம்பம் தூணை நோக்கிச் சாய்ந்தது.
வங்கிக் கட்டடம் வயிற்றைத் தள்ளியது.
ஹேரத் மாத்தையா கேட்ட மலை
சுண்டுவிரல் நகமாய்ச் சுருங்கிப்போனது.
லொத்தர் விற்பவனின் குடை,
என் சொந்தச் சப்பாத்து நுனி.
அகலக் கண்ணுக்கு மரியாதை தெரியாது.

பிறகு பின்பக்கம் போனேன்.
எத்தனை வருஷம் அந்த இடுக்கை
மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்திருக்கிறேன்.
மதிலில் முதுகை ஒட்டி,
ஒரு கால் கானுக்கு அந்தப்பக்கம் வைத்து,
மூச்சை உள்ளிழுத்தேன்.
முழுக்கல்லும் வந்தது,
அடிப்பாசி முதல் உச்சிக் காகம் வரை.
நடுவில்:
மண்சரிவில் இரந்த
முப்பத்தொரு பேரின் நினைவாக.

மறுபடி வாசித்தேன்.
சின்ன ர.
இறந்தவர்கள் இல்லை, இரந்தவர்கள்.
கையேந்தியவர்கள்.
மண்ணிடமா கேட்டார்கள், மழையிடமா?
லயத்தை மாற்றித்தரச் சொல்லி
மூன்று வருஷம் துரையிடம் கேட்டது உண்மைதான்.
அது கல் கொத்தியவனுக்கு எப்படித் தெரியும்?

"சந்தனண்ணே, இந்த எழுத்தப் பாத்தீங்களா?"
வால்விலிருந்து கையெடுக்காமல் சொன்னார்:
"எங்க மதினியும் அதுல ஒருத்தி.
எனக்கு எழுத்துத் தெரியாது.
எண்ணிக்கை சரிதானே?"
சரி என்றேன்.
லென்ஸில் இரண்டு சொட்டு தெறித்தது.

சாய்த்துப் பார்த்தேன், ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தேன்.
கம்பத்தை வளைத்த லென்ஸ்,
வங்கியை வளைத்த லென்ஸ்,
ஒரு ர-வை ற-வாக வளைக்கவில்லை.

ராத்திரி கம்ப்யூட்டரில்
குடையை அழித்தேன், தொட்டியை, சப்பாத்தை.
முழங்கையை அழித்தால்
தண்ணீர் பொய்யாகிவிடும். விட்டேன்.
எழுத்தைத் திருத்த இரண்டு நிமிஷம் போதும்.
திருத்தினால் கல்லும் திருந்திவிட்டதென்று
நினைத்துக்கொள்வார்கள்.
தேத்தண்ணி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.
அதையும் விட்டேன்.

"லஸ்ஸனய்" என்றார் ஹேரத் மாத்தையா.
மலை போதாது என்றார்.
முழங்கையை ஏதோ மரக்கொப்பு என்று நினைத்தார்.
பின்பக்கப் படத்தை மூலையில்
முத்திரை அளவில் போட்டார்கள்.

அடுத்த ஓகஸ்டில்
கரண்ட் பில்லோடு தபால் கந்தோர் வரிசையில் நின்றேன்.
சுவரில் அந்தத் தாள்.
யாரோ அவ்வளவு சின்ன எழுத்தைத் தேடி
நீல மையால் போட்டிருந்தார்கள்
ஒரு வளைவு, ஒரு வால்.

கவுண்டர் பேனையைக் கட்டிய நூல்
சுவர் வரைக்கும் எட்டாதே என்று
திரும்பிப் பார்த்தேன்.
அறுத்திருந்தார்கள்.