ஒரே பொதி

மூன்று செயலிக்குள்ளும் அதே அகரவரிசை நூலகம்,
மூன்று பெயரில்.
கிண்ணியாவில் ரிஸ்மினா இடையில் சிறுகோடு போட்டாள்,
உவர்மலையில் நான் அடிக்கோடு.
நிலாவெளி சுவேந்திரன் பெயரே வைக்காமல்
அப்படியே நகலெடுத்து உள்ளே செருகியிருந்தான்.

கௌரிதரனின் ஔகாரக் குறியை ளகரமாய் வாசித்த பிழையை
வைகாசியில் திருத்தினேன், என் பிரதியில்.
ஆவணியிலும் கடற்றொழில் சங்கப் பட்டியலில்
அவருக்கு இரண்டு மண்ணெண்ணெய் அட்டை.
மனுசன் வாயே திறக்கவில்லை.

நேற்று கரண்ட் போகுமுன் ஒத்துக்கொண்டோம்:
ஒரு பெயர், ஒரு பதிப்பெண்,
மூவரும் அங்கிருந்தே எடுப்பது.
பொதியின் முகவரி வரியில் வந்து நின்றது விரல்:
திருகோணமலையா, க் வருமா?

பஸ் நிலையத்தில் இரண்டு விதமாயும் எழுதியிருக்கிறது.
கீழே ஒரு மான்,
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலின் தாளை
மென்றுகொண்டு நிற்கிறது.