எட்டில் முடியும் எண்

என் காரின் எண் எட்டில் முடிகிறது.
அதனால் புதன்கிழமைகளில்
உலான்பாத்தர் என்னைச் சாலையில் இறங்க விடாது.
மற்ற ஆறு நாளும்
கை நீட்டுகிற எவருக்கும் நான் டாக்ஸி.

கார் என்னுடையது அல்ல,
பெரியப்பா மகன் கன்தொமோருடையது.
ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்துக் கப்பலேற்றிய ப்ரியஸ்.
ஸ்டியரிங்கும் வலப்பக்கம், சாலையும் வலப்பக்கம்.
முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமென்றால்
"எதிரே ஏதாவது வருகிறதா?" என்று
பயணியைத்தான் கேட்க வேண்டும்.
முன்பின் தெரியாதவர்களை நம்பியே
இருபத்து மூன்று வயதுவரை வந்துவிட்டேன்.

ஜனவரி இரவுகளில்
மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து
நான்கு மாடி இறங்கி
என்ஜினைக் கால் மணி நேரம் உறுமவிட்டு வருகிறேன்.
இல்லாவிட்டால் விடியும்போது அது விறைத்துக் கிடக்கும்.
"குழந்தைக்குப் பால் கொடுத்தாயிற்றா?"
போர்வைக்குள்ளிருந்து கேட்பான் அறைத்தோழன் தெல்மென்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு இருந்தது.
ஒரு புதனுக்கு எழுபதாயிரம் துக்ரிக் நஷ்டம்.
ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு புதன்.
பெருக்கிப் பார்த்த இரவு
அலாரம் தேவைப்படவில்லை.

முதல் குளிர்காலத்தின் புதன்களைத்
தூங்கியே செலவழித்தேன்.
மீதிப் பொழுதில் விரலால் தள்ளித் தள்ளி
என்னோடு படித்தவர்களைப் பார்த்தேன்:
சியோலில் ஒருத்தன், சிட்னியில் ஒருத்தி,
எல்லோர் முதுகுக்குப் பின்னாலும் ஏதாவதொரு கடல்.
எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது.
என் முதுகுக்குப் பின்னால்
புகைபோக்கிகள்.

பிப்ரவரியில் பாலத்தின் நடுவே
சிவப்பு முக்கோணம் காட்டி நின்றது கார்.
பயணி காசு தராமல் இறங்கி நடந்தார்.
புது பேட்டரிதான் வழி என்றார்கள் இரண்டு கடைகளில்.
மூன்றாவதில் அன்க்ஸயா இருந்தாள்.
என்னைவிட ஒரு வயது இளையவள்.
பின்சீட்டைக் கழற்றி மூடியைத் திறந்து
இருபத்தெட்டு கட்டிகளையும் மீட்டரால் தொட்டுப் பார்த்து
"ஒன்றுதான் செத்திருக்கிறது" என்றாள்.
ஒன்று செத்தால் எல்லாமா நின்றுவிடும், என்று
ஏதோ பெரிய விஷயம் பிடிபட்டவன்போல் ஆரம்பித்தேன்.
"தத்துவம் அப்புறம்.
அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு."

அதன் பிறகு புதன்தோறும் பஸ் ஏறினேன்.
சம்பளம் இல்லை, மதியம் சூப் உண்டு.
ஆரஞ்சு வயரைக் கையுறையில்லாமல் தொடக் கூடாது.
திருகைக் கை முறுக்கும் வரை முறுக்கு,
கோபம் முறுக்கும் வரை முறுக்காதே.
இதெல்லாம் தெரிய மூன்று மாதமும்
ஒரு நகமும் ஆயிற்று.
ஜூனில் ஒரு பல் டாக்டரின் கார்.
பதினேழாவது கட்டியை நானே கண்டுபிடித்தேன்.
அவர் தந்த இருபதாயிரத்தை
சட்டையின் வேறொரு பையில் வைத்தேன்,
டாக்ஸிப் பணத்தோடு அது பேசிவிடக் கூடாது என்பதுபோல.

போன வாரம் கன்தொமோர்
இன்னொரு காரோடு வந்தான்.
வெள்ளை. எண் ஐந்தில் முடிகிறது.
"இதை வெள்ளிக்கிழமை நிறுத்து, அதைப் புதனன்று நிறுத்து.
வாரம் ஏழு நாளும் உன் கையில்.
இரண்டே வருடத்தில் இந்தக் கார் உன் பேரில்."
நல்ல மனிதன். நியாயமான கணக்கு.
நோட்டை எடுத்து
நானும் அதே விடைக்கு வந்து சேர்ந்தேன்.
வியாழக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

இன்று வியாழன்.
பின்சீட்டில் ஒரு பெண், மடியில் கேக் பெட்டி.
போன் அடிக்கிறது, நிற்கிறது, அடிக்கிறது.
"எடுங்களேன், அவசரமாக இருக்கப்போகிறது."
"அவசரமில்லை. என் புதன்கிழமையை
ஒருவர் விலைக்குக் கேட்கிறார்."
அவள் சிரித்தாள்.
பிறகு சிரிக்காமல், பெட்டியை நகர்த்திவிட்டு
முன்னால் சாய்ந்து கேட்டாள்:

"எவ்வளவு தருகிறார்?"